தரம் ஒன்றுக்குப் போகிற பிள்ளைக்கு வீட்டில் என்ன பழக்க வேண்டும்?

கேள்வி: ஜனவரியில் மகன் தரம் ஒன்றுக்குப் போகிறான். கொழும்பில் அரசாங்கப் பாடசாலை, தமிழ் மொழிமூலம். நேசரியில் அவனோடு இருக்கும் சில பிள்ளைகள் இப்போதே எழுத்துக்கூட்டி வாசிக்கிறார்கள். இவனுக்குத் தன் பெயரை மட்டும்தான் எழுதத் தெரியும். ஆயத்த வகுப்பு ஏதாவதற்கு அனுப்பட்டுமா?

பதில்:

அனுப்ப வேண்டாம். நான் அனுப்பினேன், அதனால்தான் சொல்கிறேன்.

என் மகள் இப்போது தரம் மூன்று. அவள் பாடசாலைக்குப் போவதற்கு முந்தைய ஐந்தாறு மாதமும் எங்கள் வீட்டில் எழுத்து, எழுத்து, எழுத்துதான். வெள்ளவத்தையில் எந்த ஒழுங்கைக்குள் நுழைந்தாலும் மதிலில் ஒரு டியூஷன் நோட்டீஸ் இருக்கும். அதில் ஒன்றில் சேர்த்துவிட்டேன். கொப்பி கொப்பியாக எழுதி முடித்தாள். ஜனவரியில் பாடசாலை தொடங்கி மூன்றாம் நாள், வானால் இறங்கி வந்தவள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் டொய்லெட்டுக்கு ஓடினாள். பாதி வழியிலேயே சட்டை நனைந்துவிட்டது. அப்புறம் ஒரே அழுகை.

விசாரித்தால், மூன்று நாளும் அவள் பாடசாலையில் டொய்லெட்டுக்குப் போகவே இல்லை. நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி ஃபிளாட்டில். பிறந்ததிலிருந்து அவள் கண்டது கொமட் மட்டும்தான். பாடசாலையில் இருப்பதோ குந்தி இருக்கிற கக்கூஸ், பக்கத்தில் ஒரு வாளியும் கோப்பையும். "அம்மா, அங்க கொமட் இல்ல, நிலத்தில ஓட்டை மட்டும்தான் இருக்கு" என்றாள். தண்ணீர்ப் போத்தல் நிரப்பிக் கொடுத்தது அப்படியே திரும்பி வந்ததன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. மறந்துபோகிறாள் என்று நினைத்து இரண்டு நாளும் ஏசியிருக்கிறேன். குடித்தால் போக வேண்டி வரும் என்று, ஐந்து வயதுப் பிள்ளை கணக்குப் பார்த்துக் குடிக்காமல் இருந்திருக்கிறாள்.

அந்த ஐந்தாறு மாதத்தில் ஒரு நாளாவது அவளை ஒரு குந்தும் கக்கூஸுக்குக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கலாம். தோன்றவே இல்லை.

எங்களைப் போன்ற பெற்றோரின் கவனமெல்லாம் எங்கே இருந்தது என்று உங்களுக்குத் தெரியும்தானே. வாக்காளர் இடாப்பு, வீட்டு உறுதி, கரண்ட் பில், தண்ணீர் பில் என்று ஒரு பைல் நிறையக் காகிதத்தோடு நேர்முகத்துக்கு அலைந்து, இடம் கிடைத்ததும் பாதி உயிர் திரும்பி வந்தது. அதோடு எல்லாம் முடிந்ததாக நினைத்துவிட்டோம்.

சரி, வாசிக்கிற மற்றப் பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரி 31க்குள் ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்பதுதான் விதி. ஆகவே ஜனவரி கடைசியில் பிறந்த பிள்ளைக்கும், அதற்கு முந்தைய வருஷம் பெப்ரவரியில் பிறந்த பிள்ளைக்கும் ஒரே வகுப்பு. கிட்டத்தட்ட ஒரு வயது வித்தியாசம். அந்த வயதில் அது சின்ன வித்தியாசம் இல்லை. என் மகள் ஜனவரிக்காரி. பக்கத்தில் இருந்த பிள்ளை தானே தலை பின்னும், இவளுக்கு பட்டனைச் சரியான துளையில் போட வராது. உங்கள் மகன் எந்த மாதம் என்று நீங்கள் எழுதவில்லை. நவம்பர், டிசம்பர், ஜனவரி என்றால் ஒப்பிட்டுப் பார்க்கிறதை இன்றே விட்டுவிடுங்கள்.

எழுத்தைப் பாடசாலையில் தொடக்கத்திலிருந்துதான் சொல்லிக்கொடுப்பார்கள். முதல் சில வாரம் பிள்ளையை இனங்காண்கிற வேலைதான் நடக்கும்: கீறச் சொல்வார்கள், பாட்டு, விளையாட்டு, யார் பேசுகிறது, யார் மூலையில் நிற்கிறது என்று டீச்சர் பார்த்துக்கொண்டிருப்பார். அதற்குப் பிறகு கால்கோள் விழா வைத்து முறைப்படி வரவேற்பார்கள். மகளின் பாடசாலையில் தரம் இரண்டுப் பிள்ளைகள் பூங்கொத்து கொடுத்துக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்கள். டியூஷனில் படித்த எழுத்தால் இவளுக்குக் கிடைத்த ஒரே பலன், 'ஈ'யைக் கீழிருந்து மேலே எழுதுகிற பழக்கம். அதை மாற்ற வகுப்பு டீச்சருக்கு ஒரு தவணை போனது.

எழுத்தைவிட எனக்குக் கவலை தந்தது பேச்சு. இது கொழும்புப் பிள்ளைகளுக்கே உரிய வில்லங்கம். நேசரியில் இங்கிலீஷ், வீட்டில் பாதித் தமிழ், கார்ட்டூன் முழுக்க இங்கிலீஷ். என் மகள் நூறு வரை எண்ணுவாள், இங்கிலீஷில். டீச்சர் "பதினேழாம் பக்கத்தைத் திறங்கோ" என்றதும் இவள் பக்கத்துப் பிள்ளையின் புத்தகத்தை எட்டிப் பார்த்திருக்கிறாள். முக்கோணம், செவ்வகம், ஊதா, இடது, வலது, சோடி சேர்க்கிறது, வட்டம் போடுகிறது எல்லாம் அவளுக்கு வேறு ஏதோ பாஷை. பிள்ளைக்குத் தெரிந்த விஷயம்தான், தமிழில் கேட்டுப் பழக்கமில்லை. பிறகு மாடிப்படி ஏறும்போது ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே ஏறத் தொடங்கினோம். எங்கள் மூன்று மாடிக்கும் ஐம்பத்துநான்கு படி. மூன்று வாரத்தில் சரியாகிவிட்டது. லிஃப்ட் உள்ள ஃபிளாட் என்றால் தெகிவளைச் சந்தைக்குக் கூட்டிப்போய்த் தேசிக்காய் எண்ணச் சொல்லுங்கள்.

இன்னொன்று, வாய் திறந்து கேட்கிறது. 35, 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் டீச்சர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. "டீச்சர், டொய்லெட் போகணும்", "டீச்சர், என்ட பென்சிலைக் காணல்ல", "டீச்சர், வயிறு வலிக்குது" என்ற மூன்றையும் சத்தமாகச் சொல்லப் பழக்குங்கள். வீட்டில் நாம் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் செய்துகொடுத்துவிடுகிறோம். நான் இரண்டு கிழமை வேண்டுமென்றே விளங்காத மாதிரி இருந்தேன். அம்மம்மாவுக்குப் பொறுக்கவில்லை, நான் குளிக்கப் போகிற நேரம் பார்த்து ஓடிவந்து செய்துகொடுத்துவிடுவார்.

சாமான் விஷயத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. சப்பாத்து ஒட்டுகிற வகையாக எடுங்கள், லேஸ் வேண்டாம். சாப்பாட்டுப் பெட்டியை அவனே திறந்து மூடுகிறானா என்று கடையிலேயே வைத்துப் பாருங்கள். யூனிஃபோம் தைக்க டிசம்பர் கடைசி வரை இருக்காதீர்கள், தையல்காரரிடம் அப்போது கூட்டம் தாங்காது. ஐந்து வயதுத் தடுப்பூசியும் போலியோ சொட்டும் முடிந்ததா என்று கார்டைப் பாருங்கள். வான் ஆறரைக்கு வரும் என்றால் ஐந்தரைக்கு எழும்ப வேண்டும், அதைப் பாடசாலை தொடங்குவதற்கு ஒரு கிழமைக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். நாங்கள் முதல் நாள்தான் தொடங்கினோம். வானில் தூங்கி விழுந்து நெற்றியில் ஒரு வீக்கத்தோடுதான் அவள் முதன்முதலில் வகுப்புக்குள் போனாள்.

டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறீர்களா? போனால் அங்கே கிணற்றடிப் பக்கம் பழைய கக்கூஸ் ஒன்று இருக்கும். எங்கள் ஊர் வீட்டிலும் இருந்தது, அட்டாச் பாத்ரூம் கட்டியதற்குப் பிறகு யாரும் அந்தப் பக்கம் போகிறதில்லை. தைப்பொங்கலுக்குப் போனபோது அம்மாவைக் கொண்டு அதைக் கழுவித் துடைத்து, மகளை நான்கு நாளும் அதற்குத்தான் அனுப்பினேன். முதல் நாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குந்தினாள். நான்காம் நாள் கதவைச் சாத்திவிட்டு, "நீங்க வெளியில நில்லுங்கோ" என்றாள்.