காலைல மட்டும் வர்ற வயித்து வலி

கேள்வி: என் பொண்ணுக்கு 6 வயசு, ஒண்ணாங்கிளாஸ். யூனிஃபார்ம கைல எடுத்தாலே வயிறு வலிக்குதுங்கிறா, ஞாயித்துக்கிழமை ராத்திரியே அழுகை ஆரம்பிச்சிடுது. டாக்டர்ட்ட காட்டியாச்சு, எல்லாம் நார்மல்னுட்டாங்க. மாமியார் திருஷ்டிங்கிறாங்க, வீட்டுக்காரர் ஃபோன்தான் காரணம்னு என்னைத் திட்றார். எங்க காலத்துல இப்படி இல்லையே, இப்ப மட்டும் ஏன் மேடம் சின்னப் புள்ளைங்களுக்கு இவ்வளவு பயம்?
- வாசகி, ஈரோடு

பதில்: அவ நடிக்கலம்மா, அதை மொதல்ல நம்புங்க. மூளையும் குடலும் நரம்பு வழியா பேசிக்கிட்டே இருக்கும், மனசு பயந்தா வயிறு நிஜமாவே வலிக்கும்.

உங்க காலத்துலயும் இது இருந்துச்சு, டிமிக்கி குடுக்குறான்னு நாலு அடி போட்டு அனுப்பிட்டாங்க, அதனால வெளிய தெரியல. ஆனா இப்ப சில விஷயம் மாறியிருக்கறதும் உண்மைதான். ஃபோனை மட்டும் குத்தம் சொல்லி முடிச்சுக்க முடியாது, அது தூக்கத்தையும் விளையாட்டையும் எடுத்துக்குது பாருங்க, அதுதான் பெரிய நஷ்டம். இந்த வயசுக்கு ஒரு நாளைக்கு 9லருந்து 12 மணி நேரம் தூங்கணும், 11 மணி வரைக்கும் டிவி ஓடுற வீட்ல, காலைல ஏழரைக்கு வேன் வந்தா அது எப்படி நடக்கும்? தெருவுல விளையாடி, சண்டை போட்டு, காய் விட்டு, மறுபடி பழம் விட்டு சமாளிக்கக் கத்துக்கிட்ட நேரமெல்லாம் இப்ப டியூஷனுக்கும் அபாகஸுக்கும் போயிடுச்சு.

இன்னொண்ணு, இதை நாம யாரும் கணக்குலயே எடுத்துக்கறதில்ல. சாப்பிடலன்னா பூச்சாண்டி வருவான், அழுதா ஊசி போட்ருவாங்க, எழுதலன்னா மிஸ்கிட்ட சொல்லிடுவேன்னு நாமளே பயமுறுத்துறோம், அப்புறம் அந்த மிஸ் இருக்கற கிளாஸுக்கே அனுப்புறோம். அவ அழுதா மனசு கேக்காம லீவும் போட வைக்கிறோம். அந்த லீவு அன்னைக்கு நிம்மதியா இருக்கும், ஆனா ஸ்கூல் ஆபத்தான எடம்தான் போலன்னு அவ மனசுல உறுதியாயிடும், மறுநாள் பயம் இன்னும் கூடத்தான் செய்யும். பயந்த சுபாவம் பரம்பரையாவும் வரலாம், அதுக்கு யாரையும் குத்தம் சொல்ல வேண்டாம், உங்க வீட்டுக்காரர்ட்டயும் இதைச் சொல்லுங்க.

ராத்திரி படுக்கும்போது மெதுவா விசாரிங்க, ஸ்கூல் பாத்ரூம் போகப் பயமா, வேன்ல யாராச்சும் அடிக்கிறாங்களா, யாராச்சும் தப்பா தொடறாங்களான்னு. அப்படி ஏதாவது இருந்தா அவளை ஒண்ணும் சொல்லாதீங்க, உடனே 1098க்கு கூப்பிடுங்க, அது குழந்தைங்களுக்கான உதவி எண். அதெல்லாம் இல்லன்னா மிஸ்கிட்ட பேசி வச்சுட்டு, அரை நாளாச்சும் தினமும் அனுப்புங்க. நாலு வாரம் ஆகியும் இப்படியே இருந்தா குழந்தைங்க மனநல டாக்டரைப் பாருங்க, இல்ல 14416ங்கிற டெலி மானஸ், அதாவது அரசாங்க மனநல உதவி எண்ல தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.