பையன ரோலர் கோஸ்டர்ல ஏத்தலாமா? எதுக்கு பயப்படணும், எதுக்கு வேண்டாம்

கேள்வி: என் பையனுக்கு 11 வயசு, உயரம் 137 செ.மீ. லீவுக்கு சென்னைல தீம் பார்க் போறோம், ரோலர் கோஸ்டர் ஏறியே தீருவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். 2025 ஏப்ரல்ல டெல்லி பக்கம் ஒரு பொண்ணு ரோலர் கோஸ்டர்ல இருந்து விழுந்து இறந்த செய்தி பாத்ததுல இருந்து எனக்கு நெஞ்சு படபடன்னு இருக்கு. நடுவுல கரண்ட் போனா என்ன ஆகும்? தலைகீழா இருக்கும்போது கழண்டுட்டா? வீட்டுக்காரர் பக்கத்துல உக்காந்து கெட்டியா புடிச்சிக்கிறேன்னு சொல்றாரு, அவர் கொஞ்சம் பருமன். ஏத்தலாமா வேண்டாமா? (கோயம்புத்தூர் வாசகி)

பதில்: ஏத்தலாம். ஆனா எந்த ரைடு, எந்த சீட்டு, பார் (சீட்டுல ஆள எழும்ப விடாம புடிக்கற கம்பி) அவன் தொடை மேல எப்படி உக்காருதுன்னு பாத்துட்டு ஏத்துங்க. நான் ரைடுகள சோதிக்கிற வேலைல இருக்கறவன், உங்கள மாதிரி பயந்து கேக்கறவங்க கிட்ட நான் எப்பவும் சொல்றது ஒண்ணுதான்: உங்க பயம் நியாயமானது, ஆனா அது பாக்கற இடம் வேற, ஆபத்து இருக்கற இடம் வேற. உயரம், வேகம், தலைகீழ், கரண்ட் இதெல்லாம்தான் கண்ணுல படும், அதனாலயே இன்ஜினியருங்களும் நூறு வருஷத்துக்கு மேலா அது மேலயே உக்காந்து வேலை பாத்து முடிச்சிருக்காங்க. அடிபடறது பெரும்பாலும் யாரும் உத்துப் பாக்காத சாதாரண விஷயத்துல.

முதல்ல கரண்ட். மேல ஏறும்போது டக் டக் டக்னு ஒரு சத்தம் வரும்ல, அதக் கேட்டுதான் பாதிப்பேருக்கு வயித்தக் கலக்கும். அந்த சத்தம் வர்றது ஏத்தத்துல பல்லு பல்லா பதிச்சிருக்கற ஒரு கம்பில பெட்டிக்கு அடில இருக்கற கொக்கி ஒவ்வொரு பல்லா மாட்டி மாட்டி ஏறறதால, சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரி ஒரு பக்கம் மட்டும்தான் போகும், பின்னாடி வராது. செயின் அறுந்தாலும் மோட்டார் நின்னாலும் ரயில் அங்கயே நிக்கணும், அதுக்குத்தான் அது. இது ஏன் இவ்வளவு முக்கியம்னா 1972 மே மாசம் லண்டன் பேட்டர்சீ பார்க்ல பிக் டிப்பர்னு ஒரு கோஸ்டர்ல இழுக்கற கயிறு விட்டுப்போய், பின்னாடி உருளாம புடிக்க வேண்டிய ஏற்பாடும் வேலை செய்யாம ரயில் கீழ ஓடி வந்து அஞ்சு குழந்தைங்க இறந்தாங்க. அதனால அந்த டக் டக் கேட்டா நிம்மதியா இருங்க (புது ரைடு சிலதுல சத்தம் வராம இதே வேலைய பண்ற ஏற்பாடு இருக்கு, சத்தம் இல்லன்னும் பயப்படாதீங்க). பிரேக்கும் அப்படித்தான். காத்தழுத்தத்துல இயங்கற பிரேக்குக்கு தொறக்கத்தான் காத்து வேணும், காத்தும் கரண்ட்டும் போச்சுன்னா ஸ்பிரிங் அழுத்தி தானா மூடிக்கும். காந்த பிரேக்கா இருந்தா கரண்ட்டே தேவையில்ல, நிலைக்காந்தத்துக்கு நடுவுல உலோகத் தகடு ஓடும்போதே வேகம் தானா இறங்கிடும்.

அடுத்து தலைகீழ். பெட்டி தண்டவாளத்த விட்டு கழண்டுக்காது, ஏன்னா சக்கரம் மேல மட்டும் இல்ல, பக்கவாட்டுல ஒண்ணு, தண்டவாளத்துக்கு அடில ஒண்ணுன்னு மூணு பக்கமும் கவ்விப் புடிச்சிருக்கும். அந்த அடிச்சக்கரத்துக்கு ஜான் மில்லர்ங்கறவர் 1919லயே பேட்டன்ட் வாங்கிட்டாரு. தலைகீழா சுத்த வைக்கற வளையம், அதான் லூப், அதோட கதையும் பழசு. 1895ல நியூயார்க் கோனி ஐலண்ட்ல ஃபிளிப் ஃபிளாப்னு ஒண்ணு கட்டினாங்க, லூப் சுத்தமான வட்டம், அதுல நுழையற எடத்துலயே ஒரே அடியா அழுத்தம் ஏறி ஏறினவங்க கழுத்து வலியோட இறங்கினாங்க. ரொம்ப வருஷம் கழிச்சு 1976ல ஜெர்மன்காரங்க அன்டன் ஷ்வார்ட்ஸ்காப்பும் வெர்னர் ஸ்டெங்கலும் கலிஃபோர்னியால ரெவல்யூஷன்னு ஒண்ணு பண்ணாங்க, அதுல லூப் வட்டமா இல்லாம கண்ணீர்த்துளி வடிவத்துல கீழ அகலமா, மேல குறுகலா இருந்துச்சு, இன்னிக்கு நீங்க பாக்கற லூப்பெல்லாம் அந்த வழில வந்ததுதான். இதுல நீங்க தெரிஞ்சிக்க வேண்டியது என்னன்னா அந்த மாதிரி லூப்ல தலைகீழா இருக்கும்போதும் வேகமே உங்கள சீட்டோட வச்சு அழுத்திட்டுதான் இருக்கும். பார் அதிகமா வேலை செய்யறது லூப் இல்லாத ரைடுல, பாக்க சாதுவா இருக்கற ஒரு மேட்டு மேல வேகமா ஏறி இறங்கும்போது. அங்கதான் உடம்பு சீட்ட விட்டு மேல எழும்பும், அந்த ஒரு நொடி உங்கள உள்ள வச்சிருக்கறது தொடை மேல இருக்கற பார் மட்டும்தான். லூப் இல்லாத ரைடுல ஏத்தறேன், சேஃபா இருக்கும்னு நிறைய அம்மாங்க முடிவு பண்றாங்க, அது அப்படி இல்ல.

அதனால இனி முழுக்க பார் பத்திதான் பேசணும். 2013ல டெக்சாஸ்ல ஒரு கோஸ்டர்ல ஒரு அம்மா விழுந்து இறந்தாங்க, 2011ல நியூயார்க் மாநிலத்துல ரெண்டு காலும் இல்லாத ஒரு முன்னாள் ராணுவ வீரர் விழுந்து இறந்தாரு, ஏன்னா அந்த ரைடோட பார் தொடையையும் காலையும் நம்பித்தான் ஆள புடிச்சு வைக்கும். 2022 மார்ச்ல ஒர்லாண்டோல ஒரு டவர் ரைடுல 14 வயசு பையன் விழுந்தான், அந்த சீட்டோட சென்சார கையால மாத்தி வச்சிருந்ததால பார் வழக்கத்த விட அதிக இடைவெளி விட்டிருந்தும் லாக் ஆயிடுச்சுன்னு மெஷின் ஏத்துக்கிச்சு, பையனோட எடையும் அந்த ரைடோட வரம்ப தாண்டி இருந்துச்சு. இந்த மூணுலயும் தண்டவாளம் உடையல, பெட்டி கழண்டுக்கல, உடம்புக்கும் பாருக்கும் நடுவுல இருந்த பொருத்தம்தான் தப்பாச்சு.

இப்ப உங்க வீட்டுக்காரர் விஷயத்துக்கு வரேன், உங்க கேள்விலயே என்ன ரொம்ப யோசிக்க வச்சது அதுதான். சில ரைடுல ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே பார் இருக்கும். அது கீழ இறங்கும்போது முதல்ல யார் உடம்புல படுதோ அங்க நின்னுடும். பருமனான அப்பாவும் ஒல்லியான பையனும் பக்கத்துல பக்கத்துல உக்காந்தா பார் அப்பா வயித்துல முட்டி நின்னுடும், பையன் தொடைக்கும் பாருக்கும் நடுவுல ஒரு சாண் இடைவெளி இருக்கும், அப்பா கையால புடிச்சிக்கிறேன்னு சொல்றது அந்த மேட்டுல எழும்பற விசைக்கு முன்னாடி ஒண்ணும் இல்ல. ஒரே பார்னா அப்பாவ தனியா உக்காரச் சொல்லுங்க, பையன் அவன் அளவுக்கு இருக்கற இன்னொருத்தர் கூட உக்காரட்டும், அது நீங்களா இருந்தாலும் சரி. தனித்தனி பார்னா பிரச்சினையே இல்ல, அப்பா பக்கத்துலயே உக்காரலாம். உக்காந்ததும் முதுகையும் இடுப்பையும் பின்னாடி நல்லா ஒட்டி வச்சிட்டு, பாக்கெட்ல இருக்கற மொபைல் பர்ஸ் எல்லாம் எடுத்துட்டு, பார தொப்பை மேல நிக்க விடாம தொடை மேல வர்ற வரைக்கும் இறக்கச் சொல்லுங்க. அப்புறம் மேல தூக்கிப் பாருங்க, தூக்கினா அசையக் கூடாது. பச்சை லைட் எரியுதான்னு ஆபரேட்டர் பாக்கட்டும், நீங்க கையால பாருங்க.

உயரக் கணக்கும் இதே காரணத்துக்குத்தான். பெரிய கோஸ்டர் நிறைய இடத்துல 140 செ.மீ. கேப்பாங்க, உங்க பையன் 137. மூணு செ.மீ. தானே, தடிமனான ஷூ போட்டா சரியாயிடும், அந்த ஆள் கிட்ட பேசிப்பாக்கலாம்னு தோணும், தயவு செஞ்சு பண்ணாதீங்க. அந்த கோடு தைரியத்த அளக்கறதுக்கு இல்ல, அவன் தொடை நீளமும் இடுப்பெலும்பும் அந்த பாருக்கு அடில சிக்கி நிக்குமாங்கறதுக்கு இருக்கற ஒரே சுலபமான அளவு. இந்த வருஷம் 120, 130 கேக்கற ரைடுல ஏறட்டும், அடுத்த லீவுக்கு அவனே வளந்துடுவான்.

கரண்ட் போனா என்ன ஆகும்னு கேட்டிருந்தீங்க, அந்தரத்துல நின்னுட்டா என்ன பண்றதுன்னும் சொல்லிடறேன். ஒரு கோஸ்டர்ல ஒரே நேரத்துல ரெண்டு மூணு ரயில் ஓடும், பாதைய துண்டு துண்டா பிரிச்சு ஒரு துண்டுல ஒரு ரயில்தான் இருக்கலாம்னு கம்ப்யூட்டர் பாத்துக்கும், நம்ம ரயில்வே சிக்னல் அப்படித்தான். முன்னாடி துண்டு காலி ஆகலன்னா பின்னாடி வர்றத ஏத்தத்துலயோ பிரேக்லயோ நிறுத்திடும். இங்கிலாந்து ஆல்டன் டவர்ஸ்ல ஸ்மைலர்னு ஒரு கோஸ்டர், 14 தடவ தலைகீழா போற உலக சாதனை ரைடு. 2015 ஜூன் 2, காத்து பலமா அடிச்ச நாள். நாலு ரயில் ஓடிட்டு இருந்தப்ப அஞ்சாவதா ஒண்ண சேத்தாங்க, சோதனைக்கு ஆள் இல்லாம அனுப்பின ரயில் ஒரு பள்ளத்துல ஏற முடியாம நின்னுடுச்சு. கம்ப்யூட்டர் அத சரியா கண்டுபுடிச்சு, 16 பேரோட அடுத்து வந்த ரயில ஏத்தத்துலயே நிறுத்திடுச்சு. கீழ இருந்த இன்ஜினியருங்களுக்கு உள்ள ஒரு ரயில் நிக்கறது தெரியாது, கம்ப்யூட்டர்தான் தப்பா சொல்லுதுன்னு நினைச்சு அத மீறி ரயில அனுப்பிட்டாங்க. மோதல்ல 16 பேருக்கும் அடி, ரெண்டு இளம்பெண்களுக்கு கால எடுக்க வேண்டியதாச்சு, இறக்கவே நாலு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. மறுவருஷம் கோர்ட்டு 50 லட்சம் பவுண்டு அபராதம் போட்டுச்சு, குறை மெஷின்ல இல்ல, நிர்வாகம் வச்சிருந்த நடைமுறைலன்னு விசாரணைல வந்துச்சு.

நின்ன நேரத்துல அந்த 16 பேரும் பத்திரமாத்தான் இருந்தாங்க, ஓட விட்டதுதான் தப்பு. அதனால ரைடு நடுவுல நின்னா கோபப்பட்டு ஆபரேட்டர அவசரப்படுத்தாதீங்க, பார தொறக்கப் பாக்காதீங்க, ஆள் வந்து இறக்கற வரைக்கும் உக்காருங்க. 2025 மே மாசம் சென்னை ஈசிஆர்ல ஒரு ரைடு அந்தரத்துல மாட்டி முப்பது பேருக்கு மேல மணிக்கணக்கா காத்திருந்தாங்க, தீயணைப்பு வண்டி வந்து எல்லாரையும் பத்திரமா இறக்கிடுச்சு. அது பழுதுதான், பார்க் நிர்வாகத்த கேள்வி கேக்கணும்தான், ஆனா வீடியோ பாத்தவங்க பயந்த அளவுக்கு அது உயிர் போற நிலைமை இல்ல.

மனசு ஏன் இப்படி பண்ணுதுன்னா, பால் ஸ்லோவிக்ங்கற அமெரிக்க உளவியல் ஆராய்ச்சியாளர் 1987ல எழுதினதுல இருந்து ரெண்டு விஷயம் சொல்லலாம். நினைச்சாலே கிலி புடிக்கிற, நம்ம கைல கட்டுப்பாடு இல்லாத சாவு பெருசா தெரியும், எப்படி வேலை செய்யுதுன்னு புரியாததும் பெருசா தெரியும். ரோலர் கோஸ்டர்ல ரெண்டும் இருக்கு. அமெரிக்காவுல நிலையான பார்க்குகள்ல பலத்த காயம் படற வாய்ப்பு 1.55 கோடி சவாரிக்கு ஒண்ணுன்னு அந்த துறையோட சங்கம் சொல்லுது. தமிழ்நாட்டு ரோட்டுல 2022ல மட்டும் 17,884 பேர் இறந்தாங்க, நாளைக்கு சராசரியா 49 பேர், ஆனா ஸ்டியரிங் நம்ம கைல இருக்கறதால பின்சீட்டுல பெல்ட்டு கூட போடாம கோயம்புத்தூர்ல இருந்து சென்னை வரைக்கும் தூங்கிட்டே வந்துடுவோம். பையனுக்கு வர்ற வழில பெல்ட்டு போடுங்க, இந்த டிரிப்ல நீங்க பண்ணக்கூடிய பெரிய பாதுகாப்பு அதுதான்.

ஆனா அந்த 1.55 கோடி கணக்க அப்படியே எல்லா ரைடு மேலயும் ஒட்டிடாதீங்க. அது தினமும் காலைல ஆள் ஏறுமுன்னாடி சோதிச்சு, வெல்டிங் விரிசல் பாத்து, எழுதி வைக்கற இடங்களோட கணக்கு. 2019 ஜூலைல அகமதாபாத் கன்காரியால ஆடற பென்டுலம் ரைடு உடைஞ்சு விழுந்து ரெண்டு பேர் இறந்து முப்பது பேர் கிட்ட காயமானாங்க. பராமரிப்பு இல்லன்னா எந்த வடிவமைப்பும் காப்பாத்தாது. பொருட்காட்சில நாலு நாள்ல கழட்டி மாட்டற ராட்டினமும் கொலம்பஸும் பாக்க குட்டியா இருக்கும், நமக்கு பயமே வராது, நான் அங்கதான் ரொம்ப கவனமா இருப்பேன். அடிக்கட்டைக்கு செங்கல்லும் மரத்துண்டும் முட்டு குடுத்திருக்கா, பின்னுக்கு பதிலா கம்பி சுத்தியிருக்கா, பெல்ட்டு கிழிஞ்சிருக்கா, ஆபரேட்டர் போன் பாத்துட்டே சுவிட்ச போடறாரான்னு அஞ்சு நிமிஷம் நின்னு பாருங்க, ஒண்ணு இருந்தாலும் ஏத்தாதீங்க. காத்தடைச்ச பலூன் கோட்டையும் அப்படித்தான், 2021 டிசம்பர்ல ஆஸ்திரேலியா டாஸ்மேனியால ஒரு ஸ்கூல் விழாவுல காத்து அத தூக்கினதுல ஆறு குழந்தைங்க இறந்தாங்க. கல்யாண மண்டபத்து வாசல்ல போட்டிருந்தா நாலு பக்கமும் தரையோட கட்டியிருக்கான்னு பாருங்க, காத்தடிச்சா குழந்தைங்கள இறக்கிடுங்க.

உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணு. பிபி, இதய பிரச்சினை, கழுத்து முதுகு தேய்மானம், சமீபத்துல ஆபரேஷன், கர்ப்பம் இதுல எது இருந்தாலும் பெரிய கோஸ்டர் வேண்டாம், டாக்டர கேக்காம ஏறாதீங்க, சில நொடிக்கு உடம்பு எடை மூணு நாலு மடங்காகற மாதிரி அழுத்தம் வரும். பையனுக்கு முன்னாடியே ஒரு விஷயம் சொல்லிக் குடுங்க: உக்காந்தப்புறம் பயமா இருந்தாலோ பார் லூசா தெரிஞ்சாலோ, ரயில் கிளம்பறதுக்குள்ள கைய தூக்கி "அண்ணா, நிறுத்துங்க"ன்னு சத்தமா கூப்பிடலாம், இறக்கி விட்டுடுவாங்க, யாரும் திட்ட மாட்டாங்க. பின்னாடி வரிசைல நிக்கறவங்க சிரிச்சா சிரிக்கட்டும்.