இதயம் தளர்ந்தால் மற்ற உறுப்புகளுக்கு என்ன ஆகும்? – கேள்வி பதில்

ஆரம்பிக்கும் முன்: இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுபோவது இல்லை. உடம்பு கேட்கிற அளவு ரத்தத்தை, பின்னால் அழுத்தம் ஏறாமல் தள்ள முடியாத நிலை அது. இன்றைக்கு அது மற்ற உறுப்புகளை என்ன செய்கிறது என்பதற்கு மட்டும் பதில். ஸ்டென்ட், பைபாஸ், கொழுப்பு எல்லாம் இன்னொரு நாள். இன்னொன்றையும் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: டிக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபென் வகை வலி மாத்திரை வேண்டாம்.

கேள்வி (ஒரு மகள்): டாக்டர், அப்பாவுக்கு இதயம் பலவீனம் என்று ராமிப்ரிலும் நீர் மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். கிரியேட்டினின் 1.2 இருந்தது, இப்போது 1.5. கிட்னியும் போய்விட்டதா? நீர் மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு; வடிகட்டல் குறைந்தால் ரத்தத்தில் ஏறும். சிறுநீரகத்துக்கு என்ன நடக்கிறது என்று புரிந்தால் பயம் பாதி குறையும்.

ஓய்வில் இருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் தள்ளுகிறது. அதில் ஏறக்குறைய ஒரு லிட்டர் இரண்டு சிறுநீரகங்களுக்கும் போகிறது. ரத்தத்தை அவற்றின் வழியே ஓட்டுவது தமனி அழுத்தம் மட்டுமில்லை. தமனி அழுத்தத்துக்கும் சிரை அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். தமனியில் சராசரி 90, சிரையில் 5 என்றால் வித்தியாசம் 85. இதயம் தளர்ந்தவருக்கு தமனி 75-க்கு இறங்கி, தேங்கிய ரத்தத்தால் சிரை 20-க்கு ஏறினால் மிச்சம் 55 தான். முன்பக்கம் (தமனி) 15, பின்பக்கம் (சிரை) 15, ஆக 30 போய்விட்டது. பலர் முன்பக்கத்தை மட்டும் பார்த்து ‘ரத்தம் போதவில்லை’ என்கிறார்கள். பின்பக்கத் தேக்கமும் அதே அளவு கெடுதல் செய்யும்.

ஓட்டம் குறைந்ததும், உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று சிறுநீரகம் தப்புக்கணக்குப் போடுகிறது. ரெனின் சுரக்கிறது, அதனால் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறுகிறது, உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. தேக்கம் இன்னும் கூடுகிறது. நீர் மாத்திரை இந்தச் சுழலை உடைக்கத்தான்.

கிரியேட்டினினை எடையோடு சேர்த்துப் படிக்க வேண்டும். எடை இறங்குகிறது, கால் வடிகிறது, மூச்சு லேசாகிறது, கூடவே கிரியேட்டினின் கொஞ்சம் ஏறுகிறது என்றால் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளலாம். எடையும் ஏறி கிரியேட்டினினும் ஏறினால் அது தேக்கம். பல சமயம் நீர் மாத்திரையைக் கூட்ட வேண்டியிருக்கும். எடை வழக்கத்தை விடக் கீழே போய், எழுந்தால் தலைசுற்றி, நாக்கு வறண்டு கிரியேட்டினின் ஏறினால்தான் நீர் அதிகமாகப் போய்விட்டது என்று அர்த்தம். ஒரே எண், மூன்று நிலைமை.

ராமிப்ரில் போன்ற, ரத்தக் குழாயைத் தளர்த்தி இதயத்தின் சுமையைக் குறைக்கும் மருந்து தொடங்கியபின் 30 சதவீதம் வரை ஏற்றம் எதிர்பார்த்ததுதான். அப்பாவுக்கு 25 சதவீதம். பொட்டாசியம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை, அதைப் பாருங்கள். 5.5-ஐத் தாண்டினாலோ சிறுநீர் குறைந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் பேசுங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம்): குடிப்பழக்கமே இல்லை. ஸ்கேனில் கல்லீரல் வீக்கம் என்று வந்திருக்கிறது. வலது விலாவுக்குக் கீழே வலி.

பதில்: கல்லீரலின் சிரைகள் கீழ்ப்பெருஞ்சிரையில் சேர்கின்றன, அது நேரே இதயத்தின் வலதுபக்கம் போகிறது. அங்கே அழுத்தம் ஏறினால் முதலில் வீங்குவதில் கல்லீரலும் ஒன்று. மேலே சுற்றியிருக்கும் உறை இழுபடுவதால்தான் வலி. கல்லீரல் ரத்தப் பரிசோதனையில் பிலிருபின், அல்கலைன் பாஸ்பட்டேஸ் லேசாகக் கூடியிருக்கும். நாள்பட்ட தேக்கத்தில் கல்லீரலை வெட்டிப் பார்த்தால் ஜாதிக்காய் மாதிரி சிவப்பும் மஞ்சளும் கலந்திருக்கும். நோய்க்குறியியலில் பெயரே ஜாதிக்காய் ஈரல்தான்.

இது வேறு, ரத்த அழுத்தம் திடீரென்று சரிந்து வரும் பாதிப்பு வேறு. அதில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதிகள் ஓரிரு நாளில் ஆயிரக்கணக்கில் ஏறும். ரத்த ஓட்டம் சீரானால் வேகமாக இறங்கிவிடும். மஞ்சள் காமாலைக் கிருமி என்று குழப்பிக்கொள்வது உண்டு. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவரானால் தேக்கம் கூடும்போது ஐஎன்ஆரும் (ரத்தம் உறையும் நேரத்தின் அளவு) ஏறும், சீக்கிரமே ஒருமுறை பாருங்கள்.

கேள்வி (மருமகள்): மாமியாருக்கு இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுகிறது. எண்டோஸ்கோப்பி நார்மல். வீட்டில் ஃப்யூரோசிமைட் மாத்திரை போட்டும் கால் வடியவில்லை. ஆஸ்பத்திரியில் அதே மருந்தை ஊசியாகப் போட்டதும் வடிந்தது. மாத்திரை போலியா?

பதில்: போலி இல்லை. குடல் சுவரிலும் நீர் கோர்த்திருக்கிறது. ஃப்யூரோசிமைட் மாத்திரையில் ரத்தத்துக்குப் போய்ச் சேரும் அளவு ஆளுக்கு ஆள் 10 முதல் 100 சதவீதம் வரை மாறும்; சராசரி பாதிதான். வீங்கிய குடலில் அது மெதுவாகவே உறிஞ்சப்படும், வேலை தொடங்கத் தேவையான அளவை ரத்தத்தில் எட்டாமலே போய்விடலாம். ஊசி இந்தத் தடையைத் தாண்டிவிடுகிறது. டோர்சிமைட் என்ற இன்னொரு நீர் மாத்திரை இன்னும் சீராக உறிஞ்சப்படும் என்றாலும், 2023-இல் வெளியான பெரிய ஒப்பீட்டு ஆய்வில் உயிரிழப்பில் வித்தியாசம் வரவில்லை. எதைப் போடுவது என்பது உங்கள் மருத்துவர் முடிவு.

ஒன்றைக் கவனியுங்கள்: சாப்பாடு குறைந்து தசை கரையும், நீர் அந்த எடையை நிரப்பிவிடும். தராசு மாறாது. தோளும் தொடையும் மெலிகிறதா என்று கண்ணால் பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி சாப்பிடக் கொடுங்கள்.

கேள்வி (மூட்டுவலிக்காரர்): ஐபுப்ரொஃபென் இரண்டே நாள்தான் சார்…

பதில்: வேண்டாம். சிறுநீரக வடிகட்டிக்குள் ரத்தம் நுழையும் சின்னக் குழாயைத் திறந்து வைப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். இந்த மாத்திரை அதை நிறுத்துகிறது. ராமிப்ரில், நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடலாம். பாராசிட்டமால், மருத்துவர் சொன்ன அளவில். நீரில் போட்டால் நுரைக்கும் வகை வேண்டாம், அதில் ஒரு மாத்திரைக்கே சுமார் 400 மில்லிகிராம் சோடியம் உண்டு.

கேள்வி (பொறியாளர்): கிட்னியைக் காப்பாற்ற நிறையத் தண்ணீர் குடித்துக் கழுவ வேண்டாமா? குழாயில் ஓட்டம் இருந்தால்தானே அடைப்பு வராது?

பதில்: அது கல் வரும் சிறுநீரகத்துக்கு. இங்கே குழாயில் அடைப்பு இல்லை, பம்பு தளர்ந்திருக்கிறது.

பொறியாளர்: அப்படியானால் ஒரு லிட்டரோடு நிறுத்துவது சரிதானே? நாக்கு வறண்டு கிடக்கிறார் மனிதர்.

இடையில் ஒருவர்: கட்டுப்பாடே தேவையில்லை என்று இப்போது ஆய்வு வந்துவிட்டதே!

பதில்: இரண்டு பேரும் பாதி சரி. 2025-இல் வந்த நெதர்லாந்து ஆய்வில், நிலையாக இருக்கும் சுமார் 500 பேரை ஒன்றரை லிட்டர் கட்டுப்பாடு, தாகத்துக்குக் குடிப்பது என்று பிரித்துப் பார்த்தார்கள். மூன்று மாதத்தில் உடல்நிலை மதிப்பெண்ணில் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்குத் தாகத் துன்பம் மட்டும் அதிகம். ஆனால் ‘நிலையாக இருக்கும்’ என்ற சொல்லை விட்டுவிட்டுப் படிக்கக் கூடாது. வீக்கத்தோடு படுக்கையில் இருப்பவருக்கோ, ரத்தத்தில் சோடியம் 130-க்குக் கீழே போனவருக்கோ அந்த முடிவு பொருந்தாது. அவர்களுக்கு அளவு உண்டு.

பொறியாளர்: சோடியம் குறைந்தால் உப்பைக் கூட்டினால் முடிந்தது.

பதில்: முடியாது. உப்பு குறையவில்லை, நீர் கூடி நீர்த்துப்போயிருக்கிறது. உப்பைக் கூட்டினால் நீரும் கூடும். பெரியவர் திடீரென்று குழம்பிப் பேசினால், வயது என்று விட்டுவிடாமல் சோடியத்தைப் பாருங்கள்.

இடையில் ஒருவர்: சோடியம் இல்லாத ‘ஆரோக்கிய உப்பு’?

பதில்: அது பொட்டாசியம் குளோரைடு. ஸ்பைரனோலாக்டோனும் (பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும் நீர் மாத்திரை) ராமிப்ரிலும் எடுப்பவருக்குப் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடம்புரளலாம். தொடாதீர்கள். தண்ணீர் விவாதத்தை இதோடு விடுவோம்.

கேள்வி: கிரியேட்டினின் 1.3. ஆபத்தா?

பதில்: மேலே முதல் பதில்.

கேள்வி (மனைவி): தூக்கத்தில் மூச்சு வேகமாகி, மெதுவாகி, சில நொடி நின்று மறுபடி ஆரம்பிக்கிறது.

பதில்: ரத்தம் நுரையீரலிலிருந்து மூளைக்குப் போய்ச் சேரத் தாமதமாவதால், மூளை கார்பன் டை ஆக்சைடைப் பழைய கணக்கில் படித்து மூச்சைக் கூட்டிக் குறைக்கிறது. செல்பேசியில் இரண்டு நிமிடம் படம்பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள். படுத்தால் மூச்சுமுட்டி எழுந்து உட்காருகிறார் என்றால் அது வேறு, நுரையீரலில் நீர். அதற்குத் தாமதம் கூடாது.

கேள்வி: ஹீமோகுளோபின் 12.8. எதற்கு இரும்பு ஊசி?

பதில்: ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்பு குறையலாம், தசை தளரும். ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பின் அளவு) 100-க்குக் கீழே, அல்லது 100–299 இருந்து டிரான்ஸ்ஃபெரின் செறிவு (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது) 20 சதவீதத்துக்குக் கீழே என்பது வழக்கமான அளவுகோல். இந்த நோயில் மாத்திரை பெரிதாக உதவுவதில்லை, அதனால்தான் ஊசி.

கேள்வி: மறுபடி நீர் கோர்ப்பதை வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன், அதே தராசு, அதே அளவு உடை. எழுதி வையுங்கள். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் கூப்பிடுங்கள். படுக்கையிலேயே இருப்பவருக்கு நீர் காலில் தெரியாது, இடுப்புக்குப் பின்னால் அழுத்திப் பாருங்கள்.

கேள்வி: கிரியேட்டினின் 1.4, நீர் மாத்திரையை…

பதில்: மேலே.

கேள்வி (மூட்டுவலிக்காரர்): கடைசியாக ஒன்று சார். மாத்திரைதானே கூடாது, டிக்ளோஃபெனாக் ஊசி?

பதில்: வாய்வழி வந்ததா, ஊசிவழி வந்ததா என்று சிறுநீரகம் விசாரிப்பதில்லை. கூடாது. மேலே தடவும் ஜெல் ரத்தத்தில் கொஞ்சமே கலக்கும். ஒரு மூட்டுக்கு, சில நாளைக்கு, மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் போடலாம்.