பசுமை இசையிரவு என்று எப்போது சொல்லலாம்?

வாசகர் கேள்வி – பதில்

திருகோணமலையில் தரையிலிருந்து வீசும் கச்சான் காற்றின் காலம் பிறந்தால் கடல் அடங்கிவிடும். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் மேடைகள் எழும்பத் தொடங்கும். அதனால்தானோ என்னவோ, இம்முறை வந்த கடிதங்களில் ஐந்து, இசை நிகழ்ச்சிகளையும் அவை சுற்றாடலில் விட்டுச் செல்பவற்றையும் பற்றியே கேட்கின்றன. ஒரு கடிதத்துக்குச் சொல்லும் பதில் இன்னொன்றுக்கும் தேவைப்படுவதால் ஐந்தையும் ஒரே இதழில் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, பெரிய இசைக்குழுக்கள் தங்கள் நிகழ்ச்சிகளால் பூமிக்கு வரும் கேட்டைக் குறைப்பதாக வாக்குறுதி கொடுக்கின்றன. இதை நம்பலாமா, அல்லது நுழைவுச்சீட்டு விற்பதற்கான விளம்பரம்தானா?
– கல்லூரி மாணவி, உவர்மலை

பதில்: மகளே, வாக்குறுதியின் நோக்கத்தை ஆராய்வதற்கு முன், அதற்குள் ஓர் எண் இருக்கிறதா, அந்த எண்ணை வேறொருவர் சரிபார்த்தாரா என்று பாருங்கள். கோல்ட்பிளே என்ற பிரித்தானியக் குழு 2019 நவம்பரில் புதிய இசைத்தொகுப்பை வெளியிட்டபோது, சுற்றாடலுக்கு இதைவிடத் தகுந்த வழி கிடைக்கும்வரை உலகச் சுற்றுப்பயணம் போவதில்லை என்று அறிவித்தது. 2021 ஒக்டோபரில் மீண்டும் பயணத்தை அறிவித்தபோது, 2016–17இல் தாங்கள் செய்த பயணத்தோடு ஒப்பிட்டு நேரடிக் காபன் வெளியேற்றத்தைப் பாதியாகவாவது குறைப்போம் என்று சொன்னது. ரசிகர்கள் குதிக்கும்போது மின்சாரம் தரும் தரை, மிதித்து மின்சாரம் எடுக்கும் சைக்கிள்கள், மின்சாரக் கார்களின் பற்றரிகளைக் கொண்டு அமைத்த நடமாடும் மின்சேமிப்பு ஆகியவற்றைத் தம்மோடு கொண்டுபோனார்கள். 2024 ஜூனில் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு நிகழ்ச்சிக்கான வெளியேற்றம் முன்னைய பயணத்தைவிட 59 வீதம் குறைந்திருந்தது. அந்தக் கணக்கை அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்தவர்கள் பரிசீலித்தார்கள்.

எந்த ஆண்டோடு ஒப்பிடுகிறோம், எவ்வளவு குறைப்போம், யார் பார்ப்பார் என்ற மூன்றையும் முன்கூட்டியே சொன்னபடியால் அந்த வாக்குறுதியை நான் மதிக்கிறேன். ஆனால் அதிலுள்ள "நேரடி" என்ற சொல்லைக் கவனியுங்கள். குழுவினரின் பயணம், சாமான்களை ஏற்றியிறக்குதல், மேடைக்கான மின்சாரம் முதலியவை அதற்குள் அடங்கும். ரசிகர்கள் வீட்டிலிருந்து வந்து திரும்பும் பயணம் அந்த 59 வீதக் கணக்குக்குள் இல்லை. இதை அவர்கள் மறைத்தார்கள் என்று சொல்லவில்லை. ஒரு கணக்கை வாசிக்கும்போது, அதற்கு வெளியே நிற்பது என்ன என்று தேடும் பழக்கம் உங்களைப் போன்ற படிக்கும் பிள்ளைகளுக்கு வரவேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன். மூதூர் வாசகருக்கு எழுதும் பதிலில் இந்த இடத்துக்குத் திரும்பி வருவேன்.

கேள்வி: எங்கள் பழைய மாணவர் சங்கம் பாடசாலைக்கு நிதி சேர்ப்பதற்காகக் கடற்கரையில் இசையிரவு ஒன்றை நடத்த இருக்கிறது. சுவரொட்டியில் "பசுமை இசையிரவு" என்று போட விரும்புகிறோம். ஜெனரேட்டர் இல்லாமல் நடத்தமுடியாது என்று ஒலி, ஒளி அமைப்பவர்கள் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?
– சங்கச் செயலாளர், உப்புவெளி

பதில்: முதலில் என் மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். சில காலத்துக்கு முன், இதே சொல்லைப் பெரிய எழுத்தில் போட்ட ஒரு நிகழ்ச்சிக்குக் குடும்பத்தோடு போயிருந்தேன். மேடைக்குப் பின்னால் தாழங்காட்டோரம் ஒரு பெரிய ஜெனரேட்டர் மாலை நான்கு மணியிலிருந்து இரைந்துகொண்டே நின்றது. பாட்டுத் தொடங்கியதோ ஏழரைக்கு. அந்த மூன்றரை மணித்தியாலமும் அது கொடுத்த மின்சாரத்தில் எரிந்தவை நான்கு மின்குமிழ்கள். ஓடியவை ஒலிப்பரிசோதனைக்கான இரண்டு பெட்டிகள். புகை கரைப்பக்கமாகச் சுழன்று, முன்வரிசையில் இருந்த வயதானவர்களின் முகத்தில் அடித்தது. சுவரொட்டியில் இருந்த அந்த ஒரு சொல்லைத் தவிர, பசுமை என்று சொல்ல அங்கே வேறெதுவும் இருக்கவில்லை.

ஆகவே, செயலாளர் அவர்களே, ஜெனரேட்டர் வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்தைச் சற்றுத் தள்ளிவைத்து, எவ்வளவு மின்சாரம் தேவை என்பதை எழுத்தில் கேளுங்கள். ஒலிக்காரர் ஒரு தொகை, விளக்குக்காரர் ஒரு தொகை, திரைக்காரர் ஒரு தொகை என்று ஒவ்வொருவரும் பயத்தில் கூட்டிச் சொல்வார்கள். மூன்றையும் கூட்டி, அதற்கும் மேலே ஒரு படி பெரிதான இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பது வழக்கமாகிவிட்டது. தன் திறனில் கால்வாசியைக்கூடச் சுமக்காமல் ஓடும் டீசல் இயந்திரம் தரும் மின்சாரத்துக்கு அதிக எண்ணெயைக் குடிக்கும். உள்ளே கரி படிந்து இயந்திரமும் கெடும். பழைய "பார்" வகை மேடை விளக்கு ஒன்று 1,000 வாற்று இழுக்கும் இடத்தில், எல்.ஈ.டி. விளக்கு 200 வாற்றுக்குள் நின்றுவிடும். விளக்குகளை மாற்றினாலே தேவையான ஜெனரேட்டரின் அளவு சிறுத்துவிடும்.

அதன்பிறகு, மின்வழங்கல் அலுவலகத்தில் தற்காலிக இணைப்புக்கு நேரகாலத்தோடு விண்ணப்பியுங்கள். மேடையைச் சாலையோரக் கம்பத்துக்கு அண்மையில் அமைத்தால் இணைப்பு எடுப்பது எளிது. நம் நாட்டு மின்சாரத்திலும் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் பங்கு கலந்திருப்பது உண்மைதான்; ஆனால் நீர்மின்சாரமும் சூரிய மின்சாரமும் அதில் கணிசமாக உண்டு. நமக்குப் பக்கத்திலுள்ள சம்பூரில் கட்டத் திட்டமிட்ட நிலக்கரி மின்நிலையம் 2016இல் கைவிடப்பட்டு, 2025 ஏப்ரலில் அங்கே 120 மெகாவாற்று சூரிய மின்நிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டதை நாம் பார்த்திருக்கிறோம். மின்சாரம் தடைப்பட்டால் என்ன செய்வது என்ற அச்சம் நியாயமானதே. அதற்கு ஒரு சிறிய ஜெனரேட்டர் நிற்கட்டும், ஆனால் நிறுத்தியபடியே நிற்கட்டும். 2022இல் டீசலுக்காக இரவு பகலாக வரிசையில் நின்ற நமக்கு ஒரு லீற்றரின் அருமையை யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை.

நிகழ்ச்சி முடிந்த மறுநாள் எத்தனை லீற்றர் டீசல் எரிந்தது, எத்தனை அலகு மின்சாரம் போனது என்று நன்கொடையாளர்களுக்குக் காட்டும் வரவு செலவிலேயே சேர்த்து எழுதுங்கள். அந்த இரண்டு எண்களை வெளியிட ஆயத்தமானால் உங்கள் சுவரொட்டியில் அந்தச் சொல்லைப் போடலாம். இல்லாவிட்டால் "இசையிரவு" என்பதே போதும்.

கேள்வி: ஒவ்வொரு நுழைவுச்சீட்டுக்கும் ஒரு மரக்கன்று கொடுத்தால் கணக்கு நேராகிவிடாதா?
– வாசகர், நிலாவெளி

பதில்: நேராகாது. டீசல் இன்றிரவு எரிகிறது. அந்தப் புகையை மரம் உள்ளிழுக்கப் பல பத்தாண்டுகள் செல்லும், அதுவும் மரம் பிழைத்தால். கோல்ட்பிளே குழுவும் நுழைவுச்சீட்டுக்கு ஒரு மரம் என்று நட்டுவருகிறது. ஆனால் மேலே சொன்ன 59 வீதத்தை மரங்களைக் கழித்துப் பெறவில்லை. நம்மூரில் இன்னொரு சங்கடமும் உண்டு. நிகழ்ச்சிகள் நடப்பது வரட்சிக் காலத்தில். வைகாசி, ஆனியில் கொடுக்கும் கன்று கச்சானில் கருகும். தப்பியதை நகரத்துக்குள் நட்டால் கோட்டைப் பக்கத்து மான்கள் வந்து கடித்துவிடும். கன்றுக்குப் பதிலாக ஒரு சீட்டைக் கொடுத்து, ஐப்பசியில் மாரி பிறந்ததும் வந்து பெற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். வந்து வாங்குபவர் தண்ணீரும் ஊற்றுவார்.

கேள்வி: எங்கள் பகுதி நிகழ்ச்சிகளுக்குக் கொழும்பிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வாகனங்களில் வருகிறார்கள். அவர்கள் எரிக்கும் எண்ணெய் நிகழ்ச்சி நடத்துபவரின் கணக்கில் சேருமா?
– ஆசிரியர், மூதூர்

பதில்: சேர்க்கவேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். பிரித்தானிய இசைத்துறையின் 2007ஆம் ஆண்டு வெளியேற்றத்தைக் கணக்கிட்ட ஆய்வில், ரசிகர்களின் பயணமே ஏறத்தாழ 43 வீதமாக, மற்றெல்லாவற்றையும்விடப் பெரிதாக நின்றது. நம்மூருக்கு நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். போக வர 520. ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளியேறும். லீற்றருக்கு 9 கிலோமீற்றர் ஓடும் வான் ஒன்றில் எட்டுப் பேர் வந்தால் 58 லீற்றர் எரிந்து, ஆளுக்கு 19 கிலோகிராமுக்கு மேல் விழுகிறது. லீற்றருக்கு 4 கிலோமீற்றர் மட்டும் ஓடும் பஸ்ஸில் ஐம்பது பேர் வந்தால் 130 லீற்றர் எரிந்தாலும் ஆளுக்கு 7 கிலோகிராம்தான். இனி மேடைப் பக்கம் வாருங்கள். ஜெனரேட்டர் மணிக்குப் பத்து லீற்றர் வீதம் ஆறு மணித்தியாலம் ஓடியதென்று வைத்துக்கொண்டால் 60 லீற்றர். அதாவது, கொழும்பிலிருந்து வந்து திரும்பும் ஒரேயொரு வான், இரவு முழுவதும் மேடை எரித்த அளவுக்கு எரித்துவிடுகிறது. அப்படி இருபது வான்கள் வந்தால், மேடையில் மிச்சம் பிடித்ததெல்லாம் எம்மாத்திரம்?

இதை நேராக எதிர்கொண்டவர்கள் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து மாசிவ் அட்டாக் இசைக்குழுவினர். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் டிண்டல் காலநிலை ஆய்வு மையத்திடம் தங்கள் துறையை ஆராயும்படி கேட்டார்கள். 2021இல் வந்த அறிக்கை, டீசல் ஜெனரேட்டர்களை ஒழிக்கவும், ஊர் ஊராகச் சாமான்களை இழுக்காமல் அரங்குகளில் இருக்கும் கருவிகளையே பயன்படுத்தவும், தனியார் விமானங்களைக் கைவிடவும் சொன்னது. 2024 ஓகஸ்ட் 25 அன்று தங்கள் சொந்த நகரத்தில், டீசல் இயந்திரமே இல்லாமல் பற்றரியில் ஒரு திறந்தவெளி நிகழ்ச்சியை நடத்திக் காட்டினார்கள். ஆனால் என்னைக் கவர்ந்தது பற்றரி அல்ல. அவர்கள் கார் தரிப்பிடம் கொடுக்கவில்லை; அயலூர் மக்களுக்கு நுழைவுச்சீட்டை முதலில் விற்றார்கள்; புகையிரத நிலையத்துக்கு இலவச பஸ் விட்டார்கள்.

திருகோணமலையில் இதைச் செய்வதற்கு நமக்கு ஒரு வசதி இருக்கிறது: புகையிரத நிலையம் நகரத்துக்குள்ளேயே, கடற்கரைக்கு அருகில் இருக்கிறது. ஒரு தடையும் இருக்கிறது: இரவு பத்து மணிக்கு மேல் கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் நிலாவெளிக்கும் பஸ்ஸைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு; ஆதலால் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிள். நிகழ்ச்சியை மாலை நான்கரைக்குத் தொடங்கி எட்டரைக்கு முடித்தால் பாதிச் சிக்கல் தீரும். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கக்கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007 நவம்பரிலேயே கட்டளையிட்டதால், நேரத்தோடு முடிப்பது சட்டத்துக்கும் உகந்தது. மீதிக்கு, நுழைவுச்சீட்டின் விலைக்குள் பஸ் கட்டணத்தையும் அடக்கி, கடைசிப் பாட்டு முடிந்து அரை மணிக்குள் மூன்று வழிகளிலும் பஸ் புறப்பட ஒழுங்கு செய்யுங்கள். பெண்பிள்ளைகளைத் தனியே அனுப்பத் தயங்கும் பெற்றோரும் அப்போது அனுப்புவார்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் கரைவலைத் தொழில். கடற்கரையில் பாட்டு நடந்த மறுநாள் வலையில் குவளைகள்தான் வருகின்றன. பிளாஸ்டிக் குவளையைத் தடை செய்தாயிற்றே. இனி என்ன செய்வது?
– மீனவர் குடும்பத்துப் பெண், திருக்கடலூர்

பதில்: தங்கையே, உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு ஒரு விடியற்காலையில் வலை இழுக்கும் இடத்துக்குப் போனேன். வலையின் மடியைக் கரையில் விரித்தபோது சூடையும் நெத்தலியும் துள்ளின. அவற்றுக்கு நடுவே நசுங்கிய குவளைகள், உறிஞ்சுகுழல்கள், ஒரு பலூனின் வால். ஒரு பெரியவர் ஒவ்வொரு குவளையாக எடுத்து, உள்ளே அகப்பட்ட நெத்தலிக் குஞ்சை விரலால் தட்டி உதிர்த்துவிட்டுத் தன் பின்னால் எறிந்துகொண்டிருந்தார். கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. இரவில் மணலில் விழுந்த இலேசான குவளை, காலையில் துப்புரவு செய்ய ஆட்கள் வருமுன்னே கடலுக்குப் போய்விடுகிறது. எனவே மறுநாள் சிரமதானம் என்ற வழக்கமான வாக்குறுதி இந்தக் கரையில் காலந்தாழ்த்திய வேலையே.

சட்டம் இருக்கிறது. கொண்டாட்டங்களைப் பொலித்தீனால் அலங்கரிப்பது 2017 செப்டெம்பரிலிருந்து தடை. ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் குவளை, தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழல் முதலியவை 2023 ஒக்டோபர் 1 முதல் தடை. ஆனால் அதற்குப் பதிலாக வந்த காகிதக் குவளையும் தேநீர் ஊறாதபடி உள்ளே மெல்லிய பொலித்தீன் பூசப்பட்டதுதான். காற்றில் அதுவும் பறக்கும். இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசைவிழாவில், 2017இல் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பிளாஸ்டிக் போத்தல்கள் புழங்கியபின், 2019இல் அவற்றை விற்பதையே நிறுத்தி, தண்ணீர்க் குழாய்களைக் கூட்டினார்கள். பொருளை மாற்றாமல் பழக்கத்தையே மாற்றினார்கள் என்பது அதில் நான் கண்ட நன்மை.

நமக்கு அந்தப் பழக்கம் புதிதல்ல. தேர்த்திருவிழாத் தண்ணீர்ப் பந்தலில் சர்க்கரைத் தண்ணீரும் மோரும் எவர்சில்வர் குவளையில்தான் குடித்து வளர்ந்தோம். அன்னதான மடங்களில் நூற்றுக்கணக்கான குவளைகள் இன்றும் அடுக்கியிருக்கின்றன, கேட்டால் இரவல் தருவார்கள். நூறு ரூபாய் முற்பணம் வாங்கிக்கொண்டு குவளையைக் கொடுத்து, திருப்பித் தரும்போது பணத்தைக் கொடுத்துவிட்டால் ஒன்றும் மணலில் கிடக்காது. கிடந்தாலும் அதைப் பொறுக்கிப் பணம் வாங்கச் சிறுவர்கள் இருக்கிறார்கள். கழுவுவதற்கு இரண்டு தொட்டியும் நான்கு பேரும் வேண்டும். அந்தக் கூலியை உங்கள் பக்கத்துப் பெண்களுக்கே கொடுக்கும்படி உப்புவெளிச் செயலாளருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். மறுநாள் காலை மடி விரியும்போது அவரையும் கரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.