வெயிலும் வீட்டுக் கணக்கும்: வாசகர் கேள்வி பதில்

வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

கேள்வி: நாங்கள் மாடி வீட்டில் குடியிருக்கிறோம். சில ஆண்டுகளாக மாசி பிறந்ததுமே வெயில் தாங்க முடிவதில்லை. புவி வெப்பமாதல் பற்றிப் படிக்கப் படிக்கக் கவலை கூடிக்கொண்டே போகிறது. துணிப்பை எடுத்துச் செல்கிறேன், பிளாஸ்டிக் பாட்டில் வாங்குவதை நிறுத்திவிட்டேன்; ஆனாலும் மனம் ஆறவில்லை. இத்தனை ஆலைகளும் அனல் மின் நிலையங்களும் இருக்கும்போது, ஒரு குடும்பம் செய்வதால் என்ன ஆகிவிடும்? எதைச் செய்தால் உண்மையிலேயே பயன் உண்டு?

பதில்: உங்கள் கவலை நியாயமானது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. 2015இல் பாரிஸில் கூடிய நாடுகள் தொழிற்புரட்சிக்கு முன்பிருந்ததைவிட வெப்பம் உயர்வதை 1.5 டிகிரிக்குள் நிறுத்த முயல்வதாக உறுதி கூறின. 2024ஆம் ஆண்டின் சராசரி அந்த அளவையும் கடந்தது. ஓராண்டு கடந்ததாலேயே எல்லாம் கைமீறிவிட்டது என்று பொருளில்லை, ஏனெனில் அந்த வரம்பு நீண்ட கால சராசரியைக் குறித்தது.

ஒரு குடும்பத்தால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். ஓர் இந்தியர் ஆண்டுக்கு வெளியிடும் கரியமில வாயு சராசரியாக இரண்டு டன் அளவுதான். உலகச் சராசரியில் இது பாதிக்கும் குறைவு. ஆகவே குற்ற உணர்வோடு நீங்கள் வாழ வேண்டியதில்லை. ஆனால் எடுக்கிற முயற்சி பெரிய இடத்தில் விழ வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். துணிப்பை நல்லது, விடாதீர்கள். அது சாக்கடை அடைப்பதையும் மாடு பிளாஸ்டிக் தின்பதையும் தடுக்கும். வெப்பமாதலில் அதன் பங்கு சிறியது. உங்கள் வீட்டின் பெரிய கணக்கு மின் அட்டையில் இருக்கிறது.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அதில் எழுதப்படும் யூனிட்டைப் பாருங்கள். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது. நமக்கு அருகிலேயே மேட்டூரில் அனல் மின் நிலையம் இருக்கிறது. ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு என்று வைத்துக்கொள்ளலாம். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும். இப்போது கிடைக்கும் பி.எல்.டி.சி. (குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை மோட்டார்) மின்விசிறிக்கு 30 வாட் போதும். நாளுக்கு 16 மணி நேரம், ஆண்டில் 300 நாள் ஓடினால், ஒரு மின்விசிறியிலேயே 216 யூனிட் மிச்சம். மூன்று மின்விசிறி என்றால் ஆண்டுக்கு 450 கிலோ கரியமில வாயு குறையும். நன்றாக ஓடும் மின்விசிறியைக் கழற்றி எறிய வேண்டாம். காயில் போய் பழுது பார்க்கக் கொடுக்கும் நிலை வரும்போது மாற்றுங்கள்.

மொட்டை மாடி உங்களுக்குச் சொந்தமானால் அடுத்த படி சூரிய மின்தகடுதான். ஒரு கிலோவாட் தகடு நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் இரண்டு கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாயும் மானியமாக அறிவிக்கப்பட்டன. இரண்டு கிலோவாட் தகடு ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு டன் கரியமில வாயுவைத் தவிர்க்கும், அதாவது ஓர் ஆளின் ஆண்டுப் பங்கு முழுவதையும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் பேசித் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்போ வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பூச்சோ அடிக்கச் சொல்லுங்கள். நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை, கோதுமலை, சேர்வராயன் என்று மலைகள் சூழ்ந்த நம் ஊரில், பகலெல்லாம் சூடேறிய கான்கிரீட் இரவிலும் அனலை விடுவதால்தான் மேல்மாடியில் தூக்கம் கெடுகிறது. வெள்ளைத் தளம் அந்தச் சூட்டை உள்ளே இறங்கவிடாமல் பெருமளவு திருப்பி அனுப்பிவிடும்.

வண்டிக்குப் போடும் பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ வெளியிடும். மகளிருக்கு அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் கட்டணமில்லை என்பதால், கடைவீதிக்கும் புதிய பேருந்து நிலையத்துக்கும் பேருந்திலேயே போய் வாருங்கள். சமையலறைக் கழிவு குப்பைக் கிடங்கில் காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் ஆகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். ஓட்டை போட்ட மண்தொட்டியில் ஒரு கை கழிவுக்கு இரண்டு கை காய்ந்த சருகு போட்டு வாருங்கள். நாற்றம் வந்தால் சருகு போதவில்லை என்று பொருள்.

மனம் ஆறவில்லை என்பதற்கு ஒரு வழி, கூட நாலு பேரைச் சேர்த்துக்கொள்வது. கன்னங்குறிச்சி மூக்கனேரியைப் போய்ப் பாருங்கள். சேர்வராயன் மலை மழைநீர் வந்து சேரும் அந்த ஏரியை 2010 வாக்கில் நகர மக்களே ஒன்றுகூடித் தூர்வாரி, நடுவில் திட்டுகள் அமைத்து மரம் நட்டார்கள். உங்கள் தெருவிலும் வெயில் காயும் ஒரு பக்கத்தில் புங்கனும் வேம்பும் வைக்க வார்டு உறுப்பினரிடம் எழுத்து மூலம் கேளுங்கள்.

வாசகர், ஆத்தூர்

கேள்வி: பிளாஸ்டிக் கப்புக்குப் பதிலாகக் காகிதக் கப் பயன்படுத்துவது சரிதானே?

பதில்: சரியல்ல. டீ கசியாமல் இருக்க அதன் உட்புறம் பிளாஸ்டிக் பூசப்பட்டிருக்கும். அப்படிப்பட்ட கப்புகளும் 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவைதான். கண்ணாடி டம்ளர் கேளுங்கள்.

காப்பித் தோட்டக்காரர், ஏற்காடு

கேள்வி: காப்பியைப் பூக்க வைக்கும் பூ மழை முன்பு போல் நேரத்துக்கு வருவதில்லை. பலாவையும் அத்தியையும் வெட்டி விற்றுவிட்டு, சில்வர் ஓக் மரம் மட்டும் வைத்து மிளகுக்கொடி ஏற்றினால் வருமானம் கூடும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வெட்ட வேண்டாம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தது முதல், ஏற்காட்டுக் காப்பி நிழலிலேயே வளர்ந்து பழகியது. அராபிகா வகைக் காப்பிக்கு 25 டிகிரிக்கு மேல் நீடிக்கும் வெப்பம் ஆகாது. கலப்பு நிழல் குறைந்து வெயில் விழும் செடியைத்தான் வெள்ளைத் தண்டு துளைப்பான் என்ற வண்டு அதிகம் தாக்குகிறது. ஆண்டுகள் சூடாகிக்கொண்டே வரும் காலத்தில் உள்ள நிழலை விற்பது, வருகிற நட்டத்துக்கு நாமே வழி திறப்பதாகும். மிளகைப் பலாவிலும் ஏற்றலாம். சில்வர் ஓக் இடையிடையே இருக்கட்டும். தோட்டம் முழுக்க அது ஒன்றே என்றால் பறவையும் குறையும், சருகு மட்கித் தரும் உரமும் குறையும். திருமணிமுத்தாறும் சரபங்காவும் உங்கள் மலையில் பிறப்பவை என்பதால், மேலே உள்ள மரங்கள் கீழே சேலத்துக்காரர்களுக்கும் வேண்டியவை.

காப்பி மொட்டு உறங்கிக் காத்திருந்து, ஒரு நல்ல மழை பெய்த எட்டுப் பத்து நாளில் மலரும். அடுத்து இரண்டு மூன்று வாரத்தில் இன்னொரு மழை வராவிட்டால் பிஞ்சு நிற்காது. இந்த இரண்டு முறைக்கும் தூவல் பாசனம் செய்யத் தண்ணீர் கையிலிருந்தால் மழைக்குக் காத்திருந்து ஏமாற வேண்டியதில்லை. எனவே மரம் விற்றுக் கிடைக்கும் பணத்தை எதிர்பார்ப்பதை விட்டு, தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் ஒரு பண்ணைக் குட்டை வெட்ட மானியம் கிடைக்குமா என்று தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். ஐப்பசி மழைக்கு முன் குட்டை தயாராக இருந்தால், மாசி பங்குனியில் அந்தத் தண்ணீரை இறைத்துக்கொள்ளலாம்.