வைமர் ஜெர்மனி: விலை, கூலி, வீடு பற்றிக் கேள்வி பதில்

முதல் உலகப் போர் முடிந்த 1918 முதல் ஹிட்லர் பதவிக்கு வந்த 1933 வரையிலான ஜெர்மனியைப் (வைமர் குடியரசு என்பார்கள்) பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். பணம், கூலி, வீடு, வேலை ஆகியவைதான் நான் படித்துவரும் பக்கம். பீரங்கி, டாங்கி பற்றிய கேள்விகளுக்கு வேறு ஆளைப் பாருங்கள்.

கோவை வாசகர்: ரொட்டி வாங்கத் தள்ளுவண்டியில் பணம் கொண்டுபோனார்களாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். ஆனால் எல்லாரும் அந்தப் படத்தோடு நின்றுவிடுகிறார்கள். 1914-இல் ஒரு டாலருக்கு 4.2 மார்க். 1923 நவம்பரில் 4.2 லட்சம் கோடி மார்க். பெர்லினில் ஜனவரியில் சுமார் 250 மார்க் விற்ற ரொட்டி நவம்பரில் 20,000 கோடியைத் தொட்டது. மக்களை வாட்டியது பணத்தின் சுமையைவிட விலை ஏறிய வேகம்தான். சம்பளம் தினசரி ஆனது, சில ஆலைகளில் நாளுக்கு இருமுறை. வாங்கிய கையோடு கடைக்கு ஓடவேண்டும், டாலருக்கு எத்தனை மார்க் என்ற புது விலை வந்துவிட்டால் கையில் இருப்பது பாதியாகிவிடும். அச்சகங்களுக்கு நேரம் போதாமல் பல நோட்டுகளை ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து விட்டார்கள்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்: அந்தப் பணவீக்கத்தில் எல்லாருமே அழிந்தார்களா சார்? யாராவது லாபம் பார்த்திருக்க வேண்டுமே.

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கடன் கொடுத்தவர் அழிந்தார், கடன் வாங்கியவர் பிழைத்தார். நாட்டிலேயே பெரிய கடனாளி அரசாங்கம். போருக்காக உள்நாட்டில் வாங்கிய கடன் 15,400 கோடி மார்க். 1923 நவம்பர் 15 அன்று அதன் மதிப்பு, 1914 கணக்கில், 15.4 ஃபெனிக். ஒரு மார்க்குக்கு 100 ஃபெனிக் என்பதை நினைவில் வையுங்கள். தேசபக்தியோடு போர்ப் பத்திரம் வாங்கிய ஆசிரியர், விதவை, ஓய்வூதியர் எல்லாரும் அந்த 15 காசுக்குள் அடங்கிப்போனார்கள். அந்தப் பக்கம் ஹூகோ ஸ்டின்னஸ் போன்ற ஆலை அதிபர்கள் கடன் வாங்கிக் கம்பெனி கம்பெனியாக வளைத்துப் போட்டு, கடனைச் செல்லாக்காசில் அடைத்தார்கள். விவசாயிகளின் அடமானமும் கரைந்தது.

வீட்டு உரிமையாளர் கதை இன்னும் சுவாரசியம். அடமானக் கடன் மறைந்துவிட்டதால் அவர்களுக்கு அதிர்ஷ்டம் என்று 1924-இல் வீடுகளுக்கு அரசு ஒரு வரி போட்டது. அதில் ஒரு பகுதி புது வீடு கட்டப் போனது. பெர்லின் பிரிட்ஸில் புருனோ டவுட் வடிவமைத்த குதிரை லாடக் குடியிருப்பு அந்தக் காலத்துக் கட்டடம்தான். பிராங்பர்ட்டில் 1926-இல் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த சமையலறையைப் பாருங்கள்: ஆறரை சதுர மீட்டர்தான் இருக்கும். அரிசி, சர்க்கரைக்கெல்லாம் பெயர் எழுதிய அலுமினிய இழுப்பறை, ஒவ்வொன்றுக்கும் கொட்டுவதற்கு மூக்கு. மாவுக்கு மட்டும் ஓக் மரப் பெட்டி, புழு வராது என்று. சுமார் 10,000 வீடுகளில் பொருத்தினார்கள். பாட்டியின் சேமிப்பு போனதும் பேத்திக்கு அடுக்களை வந்ததும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம்.

கல்லூரி மாணவர்: ஹிட்லர் ஆட்சிக்கு வர அந்தப் பணவீக்கம்தானே காரணம்?

பதில்: தம்பி, ஆண்டைப் பாருங்கள். 1923 நவம்பரில் மியூனிக்கில் கலகம் செய்து தோற்றார். 1928 மே தேர்தலில் அவர் கட்சிக்கு 2.6 சதவீத வாக்கு. 1930 செப்டம்பரில் 18.3, 1932 ஜூலையில் 37. இடையில் வந்தது வேலையில்லாத் திண்டாட்டமும் விலைச் சரிவும். ஆமாம், சரிவு. 1923 வேறு பேரிடர், 1930-32 வேறு பேரிடர். இதை இன்றைக்கு இன்னும் பலமுறை சொல்லவேண்டி வரும் என்று தெரியும்.

திருச்சி வாசகர்: போரில் தோற்ற ஜெர்மனி மீது வெர்சாய் ஒப்பந்தம் சுமத்திய இழப்பீடு இல்லாவிட்டால் பணவீக்கமே வந்திருக்காது. இதை ஏன் சொல்ல மறுக்கிறீர்கள்?

பதில்: மறுக்கவில்லை, அளவைத்தான் குறைக்கிறேன். மார்க் சரியத் தொடங்கியது 1914-இல், தங்கத்துக்கு மாற்றுவதை நிறுத்திவிட்டுக் கடனில் போர் நடத்தியபோது. 1921 மே மாதம் விதித்த 13,200 கோடி தங்க மார்க்கில் (தங்கத்தின் மதிப்பில் கணக்கிட்ட மார்க்) நிஜமாகக் கட்டவேண்டியது என்று கருதப்பட்டது 5,000 கோடி. மீதி வெற்றிபெற்ற நாடுகளின் வாக்காளர்களுக்குக் காட்ட.

திருச்சி வாசகர்: இழப்பீட்டுக்கு அந்நியச் செலாவணி வேண்டும், அதற்கு மார்க்கை விற்கவேண்டும், விற்றால் விழும். எளிய கணக்கு ஐயா.

பதில்: அந்த அளவுக்குச் சரி. 1921 ஆகஸ்டில் முதல் 100 கோடியைக் கட்டிய பிறகு மார்க் நன்றாகவே இறங்கியது. ஆனால் பட்ஜெட் பற்றாக்குறையை வரி போட்டு அடைக்காமல் நோட்டு அடித்து அடைத்தது யார்? நிதி அமைச்சராக இருந்து வரி விதித்த எர்ட்ஸ்பெர்கரை அதே ஆகஸ்டில் சுட்டுக் கொன்றார்கள், வெளியுறவு அமைச்சர் ராத்தெனாவை 1922 ஜூனில். அதோடு மார்க்கின் மேல் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போனது.

வங்கி ஊழியர்: குறுக்கிடுகிறேன். போலந்து இழப்பீடு எதுவும் கட்டவில்லையே, அங்கேயும் 1923-இல் இதே கதைதானே?

திருச்சி வாசகர்: போலந்து சோவியத்தோடு போர் நடத்தியது சார். ஒப்பிடக்கூடாது. பிரெஞ்சுப் படை நிலக்கரியும் ஆலைகளும் நிறைந்த ரூர் பகுதிக்குள் வந்தது எதற்கு? இழப்பீட்டுக்குத்தானே?

பதில்: வங்கி நண்பருக்கு ஒரு கைதட்டல். போர்ச் செலவும் காலிக் கஜானாவும் இருந்தால் இழப்பீடு இல்லாமலும் பணம் செத்துப்போகும் என்பதற்குப் போலந்தே சாட்சி. ரூர் விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன்: மரமும் தந்திக் கம்பமும் நிலக்கரியும் பாக்கி என்று 1923 ஜனவரி 11 அன்று பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் நுழைந்தன. ஆனால் ரூர் தொழிலாளிகளிடம் “வேலை செய்யாதே, கூலியை நான் தருகிறேன்” என்று சொல்லி அந்தக் கூலிக்கும் நோட்டு அடித்தது பெர்லின் எடுத்த முடிவு. இன்னொன்று. இழப்பீடுதான் வேர் என்றால், அதைத் தளர்த்திய டாஸ் திட்டம் வரும்வரை மார்க் விழுந்துகொண்டே இருந்திருக்க வேண்டும். அது வந்தது 1924-இல். ரென்டன்மார்க் என்ற புது நாணயம் வந்தது 1923 நவம்பரிலேயே. லட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஒரு புது மார்க், நிலத்தையும் ஆலைகளையும் அடமானமாகக் காட்டி. அரசுக்குக் கடன் தருவதற்கு உச்சவரம்பு வைத்தார்கள், லட்சக்கணக்கில் அரசு ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். விலை நின்றுவிட்டது.

திருச்சி வாசகர்: நான் இன்னும் ஏற்கவில்லை.

பதில்: ஏற்கவேண்டாம். மற்றவர்களும் வரிசையில் நிற்கிறார்கள்.

சேலம் வாசகர்: தள்ளுவண்டியில் பணம் என்பது…

பதில்: முதல் பதில்.

ஆசிரியை: பெண்களின் நிலை?

பதில்: 1919 ஜனவரியில் முதல்முறை வாக்களித்தார்கள். அலுவலகங்களில் தட்டச்சு, கணக்கு வேலைகளில் நிறையப் பேர் சேர்ந்தார்கள். வேலை அருகியதும் “ஒரே வீட்டில் இரண்டு சம்பளமா?” என்று கிளப்பி, 1932 மே மாதச் சட்டத்தில் மணமான பெண் அரசு ஊழியர்களைப் பணிநீக்கம் செய்ய வழி செய்தார்கள். இது நாஜிகளுக்கு முந்தைய சட்டம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நாகர்கோவில் வாசகர்: செண்பகராமன் பிள்ளை பெர்லினில்தானே இருந்தார்?

பதில்: ஆமாம், 1934-இல் அங்கேயே இறந்தார். விடுதலைப் போராட்ட வரலாறு தெரிந்தவர்களைக் கேளுங்கள், என் துறை இல்லை.

மதுரை வாசகர்: ஹிட்லர் நெடுஞ்சாலை போட்டு வேலையில்லாத் திண்டாட்டத்தைத் தீர்த்தாரே, அதையும் சொல்லுங்கள்.

பதில்: கொலோன்–பான் நெடுஞ்சாலையை 1932 ஆகஸ்டில் திறந்துவைத்தவர் கொலோன் மேயர் அடெனவர். ஹிட்லர் அப்போது பதவியில் இல்லை. பின்னால் அந்தச் சாலைப் பணிகள் உச்சத்தில் இருந்தபோதும் நேரடியாக வேலை பார்த்தவர்கள் ஒன்றேகால் லட்சம் பேர் அளவில்தான். அவர் பதவிக்கு வந்தபோது வேலையில்லாதவர்களோ 60 லட்சம். ஆயுதத் தயாரிப்பைச் சேர்க்காமல் அந்தக் கணக்கு நேராகாது.

இன்னொரு மாணவர்: அப்படியானால் பணவீக்கத்தால்தான் ஹிட்லர்…

பதில்: இல்லை. மேலே மூன்றாவது பதில். விலை ஏறியதால் இல்லை, விலையும் கூலியும் வீழ்ந்ததால்.

தொழிற்சங்கத் தோழர்: வேலை போனவர்களுக்கு அரசு ஏதாவது கொடுத்ததா?

பதில்: 1927-இல் வேலையிழப்புக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. முதலாளியும் தொழிலாளியும் பாதிப் பாதி சந்தா. ஓரளவு மந்தத்தைத் தாங்கும் என்று கணக்குப் போட்டார்கள், வந்ததோ மகா மந்தம். சந்தாவைக் கூட்டுவதா, உதவித்தொகையைக் குறைப்பதா என்ற சண்டையில் 1930 மார்ச்சில் முல்லர் தலைமையிலான கூட்டணி அரசே கவிழ்ந்தது. அடுத்து சான்சலராக, அதாவது அரசின் தலைவராக, வந்த புரூனிங் அவசர ஆணைகளால் ஆண்டார். 1931 டிசம்பர் ஆணையில் கூலியை 1927 ஜனவரி அளவுக்கு இறக்கினார். ‘பட்டினிச் சான்சலர்’ என்று பெயர் வாங்கினார். மீண்டும் நோட்டு அடித்தால் 1923 திரும்பிவிடும் என்ற பயம் அவருக்கு மட்டும் இல்லை, கட்சி பேதமில்லாமல் எல்லாருக்கும் இருந்தது. இரண்டு பேரிடருக்கும் நடுவே ஒரு கயிறு இருக்கிறது என்றால் அது இந்தப் பயம்தான். காப்பீட்டுக் காலம் முடிந்தவர் நெருக்கடி உதவிக்குப் போவார், அதுவும் முடிந்தால் நகராட்சி தர்மத்துக்கு. 1932 ஜூனில் பாப்பன் அரசு வந்ததும், ஆறு வாரத்துக்கு மேல் காப்பீட்டுத் தொகை வேண்டுமென்றால் வீட்டில் வேறு வருமானம் இல்லை என்று காட்டவேண்டியதாயிற்று. மகன் சம்பாதித்தால் அப்பாவுக்குத் தொகை வெட்டு.