வீட்டில் பாட்டு வீடியோ எடுக்கப் புது கேமரா வாங்க வேண்டுமா?

ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மகள் பாடுகிறாள், உங்கள் அண்ணன் மகன் மிருதங்கம் வாசிக்கிறான், இருவரையும் வீட்டிலேயே நல்ல தரத்தில் வீடியோ எடுக்க 40,000 ரூபாய்க்கு கேமரா வாங்கலாமா என்று.

இப்போதைக்கு வாங்க வேண்டாம். கையில் இருக்கும் போன் போதும். அந்தப் பணத்தில் ஒரு சின்னப் பங்கை மட்டும் மைக்குக்குச் செலவழியுங்கள். படம் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் பாட்டு நன்றாக இருந்தால் கடைசி வரை உட்கார்ந்து கேட்பார்கள். ஒலி கரகரத்தால் அரை நிமிடம் கூடத் தாங்க மாட்டார்கள்.

எனக்கு ஊர் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் மண்டபம். என் தங்கச்சி பாடியதை முதன்முதலில் ஓர் ஆனி மாதம் மொட்டை மாடியில் வைத்து எடுத்தோம். பின்னால் கடல் தெரிய வேண்டும் என்று ஆசை. படம் அவ்வளவு அழகாக வந்தது. ஆனால் அப்போது பலமாக வீசும் கச்சான் காற்று மைக்கில் அடித்த அடியில் அவள் குரலே காணோம். காற்று மைக்கின் சவ்விலேயே நேராக மோதும்போது ஒலி அளவு மீறி வெட்டுப்பட்டுவிடும். அப்படி வெட்டுப்பட்டதை எந்த மென்பொருளாலும் சரியாக மீட்க முடியாது. அன்றைக்கு அவள் பாடியது போல இன்னொரு நாள் அமையவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் வேலை, அறைக்குள் வாருங்கள். சிமெண்ட் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள அறையில் குரல் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி வரும். முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டச் சொல்வார்கள். நம்பாதீர்கள், அது ஒலியைப் பெரிதாக உறிஞ்சாது. கனமும் பஞ்சும்தான் உறிஞ்சும். இலவம்பஞ்சு மெத்தை இரண்டைப் பாடுகிறவருக்கு எதிரிலும் பக்கத்திலும் நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள். தரையில் ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரியுங்கள். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைப்பதும் உதவும். அறை நடுவில் நின்று பலமாக ஒருமுறை கை தட்டுங்கள். தட்டிய சத்தம் உடனே அடங்கினால் சரி, இழுத்துக்கொண்டே போனால் இன்னொரு மெத்தை வேண்டும்.

ஃபேனை நிறுத்த வேண்டும். வியர்க்கும், வேறு வழியில்லை. ஃபிரிட்ஜையும் நிறுத்துங்கள். நிறுத்தும்போது பைக் சாவியை அதற்குள் போட்டுவிடுங்கள், வெளியே கிளம்பச் சாவியைத் தேடும்போது ஃபிரிட்ஜைத் திரும்பப் போட ஞாபகம் வரும், மீன் கெட்டுப்போகாது.

அடுத்தது நேரம். பிற்பகலில் கடற்காற்று ஏறிவிடும், ஜன்னல் கதவெல்லாம் ஆடும். விடிந்து சூரியன் மேலே வரும் வரைதான் நமக்கு அமைதி. பாங்கு நேரத்தையும் கோவில் ஒலிபெருக்கி நேரத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வீடு கரையோரம் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ரொம்ப வசதி. விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும், எஞ்சின் சத்தம் பெரிதாக இருக்காது. வருமானம் இல்லாத கஷ்டமான காலம்தான். ஆனாலும் ஊரில் எல்லோரும் வீட்டில் இருப்பதால் வாசிக்கிறவர்களைக் கூப்பிட்டு உட்கார வைக்க அப்போதுதான் முடிகிறது.

மைக்கைப் பாடுகிறவர் வாயிலிருந்து ஒன்றரை அடியில், கொஞ்சம் உயரத்தில், நெஞ்சைப் பார்த்த மாதிரி வையுங்கள். ஒரே மைக் என்றால் மிருதங்கம் குரலை அமுக்கும். அப்போது மைக்கைத் தொடாமல் மிருதங்கம் வாசிக்கிறவரை நகர்த்துங்கள். தூரம் இரண்டு மடங்கானால் நேராக வரும் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். ஒவ்வொரு அடியாகப் பின்னால் போகச் சொல்லி, ஹெட்போனில் கேட்டுக்கொண்டே இருங்கள். இரண்டும் பொருந்தும் இடம் காதுக்கே தெரிந்துவிடும். நம் கடற்கரை ஈரத்தில் தோல் தளர்ந்து மிருதங்கத்தின் சுருதி இறங்கும், ஒவ்வொரு பாட்டுக்கும் முன் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

போனின் தானியங்கி ஒலி அளவைக் கட்டாயம் அணையுங்கள், அதற்கு இடம் தரும் செயலியில் பதியுங்கள். இல்லாவிட்டால் மெல்லப் பாடும் இடத்தை அது தூக்கிவிடும், உரக்கப் பாடும் இடத்தை அமுக்கிவிடும். நம் மாவட்டத்துப் பெயரைத் தாங்கிய கர்நாடக இசைப் பாடகர் ராம்நாட் கிருஷ்ணன் பாடியதைக் கேட்டுப் பாருங்கள், குரலைத் தாழ்த்திப் பாடும் இடங்களில்தான் உயிரே இருக்கும். அந்த ஏற்ற இறக்கம் போனால் பாட்டே போன மாதிரி. மகளை உச்சஸ்தாயியில் பாடச் சொல்லி, செயலியில் தெரியும் ஒலி அளவுகோல் மைனஸ் 6 டெசிபலைத் (பூஜ்யம்தான் அதன் உச்சம்) தாண்டாதபடி வைத்துவிட்டு, அப்புறம் அதைத் தொடாதீர்கள்.

படத்துக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். லென்ஸில் உப்புப் படிந்திருக்கும், மெல்லிய துணியால் துடையுங்கள். ஜன்னல் முகத்துக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் வேண்டாம். பின்பக்க கேமராவில் எடுங்கள், திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள். விளக்கு போட்டு எடுத்தால் நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில விளக்குகள் துடிப்பது படத்தில் தெரியும், இந்த அளவில் அது அடங்கும்.

ஒலியைத் தனியாக இன்னொரு போனில் பதிந்தால், தொடக்கத்தில் கேமரா முன் ஒரு கை தட்டுங்கள். பிறகு இரண்டையும் பொருத்த அந்தத் தட்டுதான் அடையாளம். பல போன்களில் ஃபிரேம் வேகம் சீராக இருக்காது, நீளமாக எடுத்தால் போகப் போக உதடும் குரலும் விலகும். ஒவ்வொரு பாட்டாக நிறுத்தி எடுங்கள்.

முடிந்ததும் மைக்கை மேசையிலேயே விட்டுவிடாதீர்கள். இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டு அதற்குள் வையுங்கள். உப்புக்காற்றில் முதலில் துருப்பிடிப்பது அதன் இணைப்பு முனைதான்.